கவினைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்த நாட்கள்

சென்னை மருத்துவமனையில், குழந்தைகள் பிரிவின் நடையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அந்த எடை இயந்திரம் இருந்தது. என் மகன் கவின் அதன்மேல் தனியாக நிற்கமாட்டான். காலை வைத்ததும் தகடு லேசாக அசையும். அவ்வளவுதான், ஊரைக் கூட்டிவிடுவான். அதனால் அங்கிருந்த செவிலியர் ஒரு வழி வைத்திருந்தார். முதலில் நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். பிறகு அவனை என் கணவர் சேகரிடம் கொடுத்துவிட்டு நான் மட்டும் ஏறவேண்டும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது கவினின் எடை.

இரண்டரை வருடம் இப்படித்தான் பார்த்தோம். அவனுடைய கோப்பின் ஓரம் முழுக்கப் பென்சிலால் போட்ட கழித்தல் கணக்குகள். அடியில் வரும் சின்ன எண்ணைத்தான் எல்லோரும் பார்ப்போம். அது நூறு கிராம் கூடியிருந்தால் சென்னையிலிருந்து திருவண்ணாமலை வந்து சேரும்வரை பேருந்தில் நானும் சேகரும் சிரித்துப் பேசிக்கொண்டே வருவோம். கழிக்கப்படும் எண் எழுபத்தொன்றில் தொடங்கி எண்பத்து நான்குக்குப் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த எண்ணுக்குச் சொந்தக்காரியான நானும் கவனிக்கவில்லை.

கவின் பிறந்து மூன்று வாரமாகியும் மஞ்சள் இறங்கவில்லை. மலம் சுண்ணாம்பு கலந்ததுபோல வெளுத்துப் போனது. வெயிலில் காட்டு, சரியாகிவிடும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் காட்டினேன். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மலம் வெள்ளையாகப் போனால் ஒரு நாள்கூட வெயிலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

அவனுக்கு வந்தது பிலியரி அட்ரீசியா (கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் பிறவியிலேயே அடைபட்டிருப்பது). இரண்டாவது மாதத்தில் குடலை மேலே கொண்டுவந்து கல்லீரலோடு நேராகத் தைத்தார்கள். அந்த ஏற்பாடு ஏறக்குறைய இரண்டு வருடம் தாக்குப்பிடித்தது. அதன்பிறகு கண்கள் மறுபடியும் மஞ்சளாயின. வயிறு உப்பி, கைகால் குச்சியானது. அரிப்பில் தூக்கத்திலும் காதைச் சொறிந்துகொண்டிருப்பான். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) என்றார் மருத்துவர்.

அவர் அதிகம் பேசமாட்டார். அன்று நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கல்லீரல் மாத்தணும்மா. உயிரோட இருக்கிற ஒருத்தர் தன்னோடதுல ஒரு துண்டு குடுத்தாப் போதும். சின்னப் பையன், சின்னத் துண்டே போதும்."

"என்னோடத எடுத்துக்கங்க சார்," என்று சேகர் உடனே சொன்னார். பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பதுபோலச் சொன்னார். ஆனால் அவருடைய ரத்தம் பி வகை. கவினுக்கு ஓ. எனக்கும் ஓ. ஆகவே நான்தான்.

மருத்துவர் கோப்பைப் புரட்டினார். ஓரத்தில் இருந்த பென்சில் கணக்கில் விரலை வைத்தார்.

"இந்த எண்பத்து நாலு யாரோடது?"

அந்தக் கேள்விக்கு முன்னால் நான் கூனிக்குறுகிப்போனேன். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். என் கல்லீரல் திரையில் வெளுத்துத் தெரிந்தது. கொழுப்புக் கல்லீரல் (கல்லீரல் செல்களுக்குள் கொழுப்பு அடைந்துகொள்வது) என்று விளக்கினார். இதை வெட்டினால் எனக்கும் ஆபத்து, அவனுக்குள் வைத்தாலும் சரியாக வேலை செய்யாது.

"மூணு மாசம் டைம் இருக்கு. எட்டு கிலோ குறைங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க, கல்லீரல் இன்னும் கெட்டுப்போகும். உங்களால முடியலைன்னா, இறந்தவங்க உறுப்புக்குப் பதிவு பண்ணிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அது எப்ப வரும்னு யாராலயும் சொல்லமுடியாது."

என் மகனைப் பிழைக்க வைக்கும் துண்டு எனக்குள் தயாராக இருந்தது. அதை எடுக்க முடியாதபடி நானே மூடிவைத்திருந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். சேகர் ஆட்டோ ஓட்டுகிறார். கோயில் கோபுரத்துக்கு எதிரே எங்களுக்கு ஓர் அர்ச்சனைத் தட்டுக் கடை இருக்கிறது. அதில் உட்காருவது நான். மூத்தவள் எழில் அப்போது ஒன்றாம் வகுப்பு. விடிவதற்குள் சமையல், எழிலைக் கிளப்புதல், கவினுக்கு ஏழு விதமான மருந்து, பிறகு அவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கடை. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போ என்று யாராவது சொல்லியிருந்தால் எந்த ஊரில் என்று கேட்டிருப்பேன்.

நல்லவேளையாக, மருத்துவமனையின் உணவு ஆலோசகர் பர்வீன் அப்படிச் சொல்லவில்லை. போளூர்ப் பக்கத்துப் பெண். என்னைவிடச் சின்னவர், "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

"சோறு பாதியாக்குங்க. காய் ரெண்டு மடங்கு. சுண்டலோ முட்டையோ தினம் இருக்கணும். தினம் முக்கா மணி நேரம் நடங்க. வாயில போடுறது எதுவா இருந்தாலும் நோட்டுல எழுதுங்க. ஒரு மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டாலும் எழுதணும், சரியா?"

எழுதினேன். கேழ்வரகுக் களி ஓர் உருண்டை, முருங்கைக்கீரை ஒரு கிண்ணம் என்று எழுதினேன். எழிலின் தட்டில் மிஞ்சிய அரைத் தோசையை வீணாக்க மனமில்லாமல் தின்றதையும் வெட்கத்தோடு எழுதினேன். இரண்டாவது வாரத்தில் அவள் மிச்சத்தைத் தின்பதையும் விட்டேன்.

நடப்பதற்கு மொட்டைமாடி. கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றுவேன். எழில் சுற்றுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையை டப்பாவில் போடுவாள். எண்பது கொட்டை சேர்ந்தால் முக்கால் மணி. ஊரே மலையைச் சுற்ற வருகிறது, நீ தண்ணீர்த் தொட்டியைச் சுற்றுகிறாய் என்று சேகர் கிண்டல் செய்வார். மலை எதிரே நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் கவின் அதைக் காட்டி, "மல" என்பான். எண்பது தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோலவே சொல்வான்.

ஐந்து வாரம் கழித்து மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். எண்பத்து மூன்று.

எட்டு கிலோவில் ஒரு கிலோ. தைராய்டு (வளர்சிதை மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் கழுத்துச் சுரப்பி) சோதித்தார்கள், சரியாக இருந்தது. மருத்துவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். சேகர் வெளியே நடையில் வைத்துக் கேட்டார்.

"கலை, கோச்சுக்காத. நோட்டுல எல்லாத்தையும் உண்மையா எழுதுறியா?"

"நம்ம புள்ள மேல சத்தியமா எழுதுறேன்."

நான் பொய் சொல்லவில்லை. இன்றைக்கும் அதே இடத்தில் நிறுத்திக் கேட்டால், அன்றைய புத்தியோடு அதே சத்தியத்தைத்தான் செய்வேன்.

அதற்கு அடுத்து வந்த பௌர்ணமி ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளி இல்லாததால் எழிலும் கடைக்கு வந்திருந்தாள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. அவளுக்குப் பொழுது போகாமல் என் நோட்டை எடுத்து ஏதோ படம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் திரும்பியே பார்க்கவில்லை. மறுவாரம் பர்வீன் நோட்டைப் புரட்டும்போது அந்தப் பக்கம் வந்தது. வட்டம் வட்டமாக, நீளம் நீளமாக, பிறை பிறையாக ஒரு பக்கம் முழுக்கப் படங்கள். மேலே கோணல் எழுத்தில் "அம்மா".

"இது இன்னா அக்கா?"

"பாப்பா கிறுக்கினது மேடம்."

"லட்டு மாதிரி இருக்கே. இது வாழைப்பழமா? இது..."

"தேங்காச் சில்லு. அதெல்லாம் சாப்பாடு இல்ல மேடம், பிரசாதம்."

பர்வீன் பேனாவைக் கீழே வைத்தார். "சாப்பிடுறீங்களா?"

"பிரசாதத்த யாராவது சாப்பிடுவாங்களா? வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு வாயில போட்டுக்குவோம்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

எங்கள் கடை நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். பக்தர்கள் செருப்பை எங்கள் கடையில் விட்டுவிட்டு, அர்ச்சனைக் கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் அதில் இருக்கும். திரும்பி வந்து கூடையைக் கொடுத்துவிட்டுச் செருப்பை எடுத்துக்கொள்வார்கள். வெறுங்கூடையாகக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஒரு தேங்காய்ச் சில்லு, அரை வாழைப்பழம், தொன்னையில் ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல், உதிர்ந்த லட்டில் ஒரு துண்டு. "இந்தாங்கம்மா, நல்லா இருங்க" என்று நீட்டுவார்கள். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டே அடுத்தவருக்குக் கூடை எடுப்பேன். பத்து வருடமாக இப்படித்தான். கவின் பிறந்த பிறகு, இப்படிக் கொடுக்கிறவர்களில் யாருடைய வாழ்த்து பலிக்குமோ என்ற நினைப்பில் ஒன்றையும் விட்டதில்லை.

"ஒரு நாளைக்கு எத்தன கூடை திரும்பி வரும்?"

"சாதா நாள்ல நாப்பது அம்பது. பௌர்ணமின்னா கணக்கே இல்ல மேடம்."

பர்வீன் சிரித்துவிட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழாதீங்கக்கா. நோன்பு தொறக்க நாங்களும் கஞ்சி குடிப்போம். எங்களுக்கு அது எவ்ளோ பெருசுன்னு சொல்லமுடியாது. ஆனா உள்ள போனதும் கல்லீரலுக்கு அது கஞ்சின்னுதான் தெரியும். அது மேல இன்னா தப்பு?"

அன்றிரவு இதைச் சொன்னபோது சேகர் பயந்தார். "பிரசாதத்த வேணாம்னு சொல்லுவியா? அதுவும் இந்த நேரத்துல?" எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கோயில் வாசலில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை உயிருக்கு ஊசலாடும்போது, சாமி கொடுப்பதை மறுக்க எனக்கும் நெஞ்சு வரவில்லை.

மறுநாள் ஒரு பெரிய தூக்குச்சட்டி கொண்டுபோனேன். நீட்டியவர்கள் எல்லோரிடமும் வாங்கினேன். கண்ணில் ஒற்றினேன். ஒரு பருக்கை, ஒரே ஒரு பருக்கை, நாக்கில் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கில் போட்டேன். மாலையில் மூடி மூடவில்லை. பக்கத்துப் பூக்கடைத் தராசில் வைத்தேன். சட்டி போக ஒரு கிலோ முந்நூறு கிராம்.

தராசை இன்னொரு முறை பார்த்தேன். இவ்வளவையும் தினம் உள்ளே தள்ளிவிட்டு, களி உருண்டையைப் பாதியாகப் பிட்டிருக்கிறேன். என்னைத் திட்டத்தான் தோன்றியிருக்கவேண்டும். எனக்கோ வேறொன்று தோன்றியது. முகம் தெரியாத எத்தனை பேர், தங்களுக்குக் கிடைத்ததில் ஒரு வாய் எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள்! அந்தச் சட்டியைத் தூக்கும்போது அதன் கனம் கையில் தெரிந்தது. அந்தக் கனமும் எனக்கு ஒரு வாழ்த்தாகத்தான் பட்டது.

தூக்கு அன்றிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனது. சேகரின் நண்பர்கள் ஐந்து பேர் தினமும் காலி செய்து கொடுத்தார்கள். ஒரு மாதத்திலேயே அவர்களில் ஒருவருக்குக் காக்கிச் சட்டையின் பொத்தான் பூட்டவில்லை. "அண்ணி, உங்க எடையெல்லாம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்," என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

உண்மையில் அது எங்கே போகிறது என்று நான் பர்வீனிடம் கேட்டேன். வியர்வையில் போகும் என்று நினைத்திருந்தேன்.

"பெரும்பகுதி மூச்சா வெளிய போயிடும்கா. கொழுப்பு உடையுறப்ப வர்ற காத்தத்தான் நாம வெளிய விடுறோம்."

மறுநாள் மாடியில் சுற்றும்போது ஒவ்வொரு மூச்சையும் கவனித்து விட்டேன். கவின் என் கழுத்தில் தலை சாய்த்திருந்தான். என் மூச்சில் அவனுடைய நெற்றி முடி அசைந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, மலைப் பக்கமிருந்து வரும் காற்றோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருடம் இந்த உடம்பில் குடியிருந்தும் இதன் வேலை எதுவும் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறேன்.

எண்பத்தொன்று. எழுபத்தொன்பதரை. எழுபத்தெட்டு. எழில் எண்களைச் சுவரில் கரியால் எழுதினாள். பெரிய கழித்தலைச் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டாள்.

பதினோராவது வாரத்தில் கவினுக்குக் காய்ச்சல். பித்தக்குழல் அழற்சி (பித்தப் பாதையில் கிருமி தொற்றுவது). வயிற்றில் நீர் கோத்து மூச்சு வாங்கினான். பத்து நாள் மருத்துவமனையில் இருந்தோம். அவனுக்கு ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது நான் நடையிலேயே நடந்தேன். புளியங்கொட்டைக்குப் பதில், கதவு எண்களை எண்ணினேன். இனி நாள் தள்ள முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு உங்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம். ஆகலைன்னா வேற வழி பாக்கணும்."

எடை எழுபத்தைந்து எண்ணூறு. எட்டு கிலோவுக்கு மேலேயே குறைந்திருந்தது. ஆனால் எடை குறைந்தால் மட்டும் போதாது, கல்லீரல் தெளிந்திருக்கவேண்டும். ஸ்கேன் அறையில் குளிரில் படுத்திருந்தேன். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையை என் பக்கம் திருப்பினார். பழையது வெளுத்திருந்தது. புதியது மழைக்கு முந்தின வானத்தின் சாம்பல் நிறத்தில் சீராக இருந்தது.

"நல்லா இருக்கும்மா," என்றார். பிறகு, அதிகம் பேசாத அந்த மனிதர், "ரொம்ப நல்லா இருக்கு," என்று இன்னொரு முறை சொன்னார்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். என் கல்லீரலின் இடது ஓரத்திலிருந்து இருநூற்று முப்பது கிராம் எடுத்ததாகச் சொன்னார்கள். கண் விழித்தபோது வலியில் மூச்சை இழுக்கவே பயமாக இருந்தது. சேகர் ஒரு பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றார்.

"கவின்?"

"வேலை செய்யுதாம் கலை. வச்ச உடனே அதுல பித்தம் ஊற ஆரம்பிச்சுதாம். டாக்டர் சொன்னாரு."

நாலாம் நாள் என்னைச் சக்கர நாற்காலியில் அவனிடம் கூட்டிப்போனார்கள். அவன் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவ்வளவு தெளிந்த வெள்ளையை அவன் கண்ணில் நான் பார்த்ததே இல்லை. சில நாள் கழித்துச் செவிலியர் அவன் அரைத்துணியை மாற்றும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நல்ல மஞ்சள், பழுப்பு கலந்த மஞ்சள் மலம். நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்து நின்றோம். சேகர் கைகூப்பினார். சிரிக்காதீர்கள், வெள்ளை மலத்தைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவர்களுக்கு இது புரியும்.

மூன்று மாதம் கழித்து என்னை மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். வெட்டிய கல்லீரல் பழைய அளவுக்குக் கிட்டத்தட்ட வளர்ந்துவிட்டது. நான் கடையில் கூடை எடுத்துக் கொடுத்துக்கொண்டும், எழிலுக்குத் தலை பின்னிக்கொண்டும் இருந்த நேரத்தில், கேட்காமல் சொல்லாமல் அது தன்னைத்தானே கட்டிக்கொண்டிருக்கிறது. அவனுக்குள் வைத்த துண்டும் அவனோடு சேர்ந்து வளரும் என்று மருத்துவர் சொன்னார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்தச் செய்தி பழசாகவில்லை.

இதே வழியில் நிற்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய யோசனை எதுவும் இல்லை. மருத்துவரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். பட்டினி கிடக்காதீர்கள். நீங்கள் சாப்பாடு என்றே நினைக்காத சாப்பாடு உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கும், தேடிப் பாருங்கள். பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்தால் அவர்களே போட்டுக் காட்டிவிடுவார்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் எட்டு மணிதான் இருக்கிறது, காலை எட்டு, இரவு எட்டு. புதிய கல்லீரலை அவன் உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்காமலிருக்கத் தரும் மருந்தின் நேரம் அது. வாழ்நாள் முழுக்கத் தரவேண்டும். எல்லா நாளும் ஓர் எட்டிலிருந்து இன்னோர் எட்டுக்கு நடக்கிறோம்.

சென்ற வாரம் பரிசோதனைக்குப் போனோம். அதே நடை, அதே இயந்திரம். நான் வழக்கம்போல அவனைத் தூக்கக் கையை நீட்டினேன்.

"நானே," என்றான்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். தகடு அசைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். எண் நேராக வந்தது. பதினொன்று இருநூறு. கழிக்க எதுவும் இல்லாததால் செவிலியர் பென்சிலை எடுக்கவில்லை.

நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் நானும் கொஞ்சம் இருக்கிறேன். மூன்றரை வயதுப் பையனுக்குள் முப்பத்து மூன்று வயதான ஒரு துண்டு. நான் அவனைப் பெறுவதற்கு முப்பது வருடம் முன்பே பிறந்து, என் பள்ளிக்கூட மதியங்களையும் என் கல்யாணச் சாப்பாட்டையும் செரித்த துண்டு, இனி அவனோடு பள்ளிக்கூடம் போகும்; நான் இல்லாத வருடங்களுக்கும் போகும்.

"அம்மா, நீ ஏறு," என்றான் இறங்கிக்கொண்டே.

ஏறினேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நான் மட்டும் குனிந்து, என் எண்ணை நிதானமாகப் பார்த்தேன்.